நானூற்றுப் பதினேழாம் கொக்கி

9 பிப்ரவரி, ஞாயிறு

கீச்சுவுக்கு,

நீ ஒரு தவறு செய்திருக்கிறாய். நேற்றுக் காலை பத்தே முக்காலுக்கு, பழைய டைம் ஆபீஸ் வாசலில், மில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த இருபத்திரண்டு பேர் முன்னால், இறந்துபோன ஒரு மனிதர்மேல் பழி சொன்னாய். மில்லில் தீப்பிடித்த அன்று வில்லைப் பலகையில் 417-ஆம் கொக்கி காலியாக இருந்ததாம், ஆள் இன்னும் உள்ளே என்று அதற்கு அர்த்தமாம். டைம்கீப்பர் அதைக் கவனிக்காமல் உள்ளே யாரும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அதனால் ஒரு தொழிலாளி உள்ளேயே கிடந்து செத்தானாம். கொக்கி காலியாக இருக்கவில்லை. டைம்கீப்பரின் எண்ணிக்கையில் பிழை இல்லை. வருகிற சனிக்கிழமையிலிருந்து இதை நீ சொல்லக் கூடாது.

மற்றத் தவறுகளையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். இன்னொரு தபால்தலை வாங்க எனக்கு விருப்பமில்லை.

புகைபோக்கியின் உயரம் நூற்றெண்பது அடி என்கிறாய். நூற்று அறுபத்திரண்டு. ஏறினவன் கட்டியிருந்த கயிற்றை அளந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். இப்போது அதற்கு ராத்திரியில் நீல விளக்குப் போடுகிறார்கள் என்பதற்காக அது வளர்ந்துவிடாது. சங்கு நாளுக்கு மூன்று முறை ஊதும், இரண்டு முறை அல்ல. சோப்புக் கடை இருக்கிற இடத்தை "நீராவிக் குளியல் கூடம்" என்கிறாய். அது குளியலறை. பன்னிரண்டு குழாய் இருந்தது, ஏழில்தான் தண்ணீர் வந்தது. மீதி ஐந்துக்கு நான் மூன்று மனு எழுதினேன்.

என் வீட்டைக் காட்டி, "தொழிலாளர் குடியிருப்பில் கடைசியாக மிஞ்சியது" என்கிறாய். பாத்திரத்தில் மிஞ்சுவது வேறு, ஒரு மனிதன் குடியிருப்பது வேறு. மற்ற ஐந்து வீட்டையும் நாள் வாடகைக்கு விடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களை எனக்கு அவர்களுடைய பெட்டிச் சக்கரத்தின் சத்தத்தில்தான் தெரியும். முகம் பழகுவதற்குள் சக்கரம் திரும்பிப் போய்விடுகிறது. போன வாரம் உன் கூட்டத்தில் ஒருத்தி என் பனியன் காய்வதைப் படம் எடுத்தாள்.

நீ என் கதவுக்கு நான்கடி தள்ளி நின்று பேசுகிறாய். கதவைத் தட்டுவதில்லை. தட்டு என்று நான் சொல்லவில்லை. நடப்பதைக் குறிப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

பெரியப்பா

13 பிப்ரவரி, வியாழன்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கடிதம் கிடைத்ததும் ஃபோன் செய்தேன். எடுத்தீர்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன். கையால் எழுதி வருஷக்கணக்கில் ஆகிறது, கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகைபோக்கி, சங்கு, குழாய் எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். "மிஞ்சியது" என்பதையும் எடுத்துவிட்டேன். பனியனுக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு எதிரே டைம் ஆபீஸ் வாசலில் நான் கொக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஜன்னலைத் திறந்து, "பொய்" என்று கத்திவிட்டு மூடினீர்கள். கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். நாங்கள் ஏற்பாடு செய்த நடிகர் என்று நினைத்திருக்கிறார். இப்போது இணையத்தில் எங்கள் நடைப்பயணத்துக்கு வருகிற விமர்சனங்களில் "ஜன்னல் தாத்தா" என்று உங்களைப் பாராட்டி எழுதுகிறார்கள். போன சனிக்கிழமை இரண்டு பேர் என்னிடம் வந்து, "இன்னைக்கு தாத்தா கத்துவாரா?" என்று கேட்டார்கள். வாரா வாரம் இதைச் செய்வீர்களா என்று மேனேஜரே விசாரித்தார். எழுத்து மூலமாகக் கேளுங்கள், பதினோரு பக்கத்துக்குப் பதில் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கொக்கி விஷயம் நானாகக் கட்டியது இல்லை. அன்றைய விசாரணை அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. டைம்கீப்பரே சொல்லியிருக்கிறார்: "பலகையைப் பார்த்தேன், எல்லாம் மாட்டியிருந்ததாகத்தான் பட்டது. பிறகு பார்த்தபோது 417 காலியாக இருந்தது. என் கண் தவறிவிட்டது." கீழே கையெழுத்து. தானே ஒப்புக்கொண்டவரைப் பற்றி நான் என்ன பழி சொல்லிவிட்டேன்?

அந்தத் தொழிலாளி என் அப்பா என்பது வருகிறவர்களுக்குத் தெரியாது. நான் சொல்வதில்லை. அப்பா போனபோது எனக்கு நான்கு வயது. அம்மா வேறு ஊர், வேறு குடும்பம் என்று போன பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. லீவுக்கு லீவு உங்களிடம் வருவேன், நீங்களும் எடுத்ததில்லை. அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கேட்டேன். நீங்கள் எழுந்துபோய்க் குழாயைக் கழற்ற ஆரம்பித்தீர்கள். நன்றாக இருந்த குழாய்.

டைம் ஆபீஸ் இப்போது காபிக்கடை ஆகிவிட்டது. பலகையை அப்படியே வைத்திருக்கிறார்கள், மற்ற எல்லாக் கொக்கியிலும் வில்லைகள். அந்த ஒரு காலிக் கொக்கிக்கு மேல் மட்டும் சின்ன விளக்கு. அப்பாவுக்கென்று நான் போய் நிற்க இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. காரணம் சொல்லாமல் அதையும் எடு என்கிறீர்கள்.

இன்னொன்று. கொக்கிக்குக் கீழே வளாக நிர்வாகத்தார் பித்தளைத் தகடு ஒன்று பதிக்கப் போகிறார்கள். "டைம்கீப்பரின் கவனக்குறைவால் உயிரிழந்த தொழிலாளியின் நினைவாக" என்று வாசகம். 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை செதுக்கக் கொடுக்கிறார்கள். அதற்குள் சரியான காரணம் சொன்னால் மாற்றலாம். அதற்குப் பிறகு என் கையில் இல்லை.

கதவைத் தட்டாததற்கும் காரணம் உண்டு. இந்த வேலையில் சேர்ந்த அன்று, "அந்த ஒலிபெருக்கிய மாட்டிக்கிட்டு என் வாசல மிதிக்காத" என்று சொன்னது நீங்கள்தான். பயணம் முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் வரிசைக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறேன். வாரா வாரம்.

உங்கள்,
கீச்சு

17 பிப்ரவரி, திங்கள்

கீச்சுவுக்கு,

நீ பெஞ்சில் உட்காருவது எனக்குத் தெரியும். நேற்று முன்தினம் பதினெட்டு நிமிடம். ரொட்டியில் பாதியைப் புறாவுக்குப் போட்டாய்.

ஒருவர் தன்மேல் தானே சொல்லிக்கொள்ளும் குற்றமெல்லாம் உண்மை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அந்த மனிதரை உனக்குத் தெரியாது. சம்பள நாளில்கூட ஆளை நிமிர்ந்து பார்க்க மாட்டார், பலகையைத்தான் பார்ப்பார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை எண்ணுவார். எங்களுக்குள் நல்ல உறவு கிடையாது. சண்டைக்காரன் சொல்கிறேன், அவர் எண்ணிக்கை தவறாது.

உன் கூட்டத்துக்குச் சொல்ல உண்மையான சங்கதி வேண்டும் என்றால் தருகிறேன். கொக்கியை விட்டுவிட்டு இதைச் சொல்.

வில்லை என்பது நம்பர் அடித்த பித்தளை வட்டு. உள்ளே போகும்போது பலகையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே போகும்போது திரும்ப மாட்ட வேண்டும். கொக்கியில் வில்லை இருந்தால் ஆள் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே. சங்கு ஊதினால் அறுநூறு பேருக்கும் ஒரே பலகை, ஒரே வாசல். வரிசை நகர முக்கால் மணி நேரம் ஆகும். குளிக்கப் போனவன் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். அதனால் இரண்டு பேர், நான்கு பேர் என்று சேர்ந்துகொண்டு, முன்னால் போகிறவன் மற்றவர்களுடைய வில்லையையும் வாங்கிக்கொண்டு போய் மாட்டிவிடுவான். சேர்த்து மாட்டுவது என்போம்.

டைம்கீப்பர் இதை எதிர்த்தார். நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பழைய புத்தகக் கடையில் தொழிற்சாலைச் சட்டப் புத்தகம் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். மில்லின் விதிப் புத்தகத்தையும் படித்தேன். வில்லை மாட்ட வேண்டும் என்று இருந்ததே தவிர, யார் மாட்ட வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. அதை வைத்து மனு போட்டேன், நிர்வாகம் புகாரைத் தள்ளியது. அன்றிலிருந்துதான் மில்லில் எனக்கு வக்கீல் என்று பெயர்.

வெறுமனே ஜெயித்துவிட்டு நான் உட்காரவில்லை. நாங்களாக இன்னொரு விதி போட்டோம், போட்டவன் நான். அடுத்தவன் வில்லையை மாட்டினவன் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். தன் ஆள் வெளியே வருகிற வரைக்கும் நகரக் கூடாது. வராவிட்டால் உள்ளே போய்த் தேட வேண்டும். ஒன்பது வருஷம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதைச் சொல். தகட்டின் வாசகத்தை மாற்று. நான் சொல்கிறேன் என்பது போதுமான காரணம்.

பெரியப்பா

23 பிப்ரவரி, ஞாயிறு

பெரியப்பா,

நேற்று நடந்ததை எழுதுகிறேன். பாதி உங்களுக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்திருக்கும்.

கூட்டத்தின் கடைசியில் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், வெயிலே இல்லாதபோதும் குடை பிடித்திருந்தார். மற்றவர்கள் படம் எடுத்தார்கள், அவர் எடுக்கவில்லை. காபிக்கடையில் பலகைக்கு எதிரே நின்று உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தார். நான் கொக்கிக் கதையைச் சொன்னேன். எல்லோரும் கலைந்த பிறகு கிட்டே வந்து, தான் டைம்கீப்பரின் மகள் என்று சொன்னார்.

நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. அப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது என்றார். வேலை போன பிறகு எங்கேயும் அவரை எண்ணுகிற வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லையாம், ஒரு தையற்கடையில் பட்டன் தைத்தாராம். அதையும் மூன்று தடவை எண்ணுவாராம். வீட்டில் படிக்கட்டு, ஜன்னல் கம்பி, சாப்பிட உட்கார்ந்த பிள்ளைகளின் தலை, எதைப் பார்த்தாலும் மூன்று தடவை. பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். அதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு ரெண்டு தடவ எண்ணினேன், ரெண்டு தடவையும் எல்லாம் இருந்துச்சுன்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரும்மா. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எங்கப்பாவுக்குக் கண்ணு தப்புச்சா, புத்தி தப்புச்சா?"

எனக்குத் தெரியாது என்றேன். நன்றி சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தார், பெரியப்பா.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். பிறகு அறிக்கையைப் படித்தேன். அதில் உங்கள் வாக்குமூலமும் இருக்கிறது, ஒரே வரி: "நான் முன்னாலேயே போய்விட்டேன், எனக்கு எதுவும் தெரியாது." குழாய்க்கு மூன்று மனு எழுதின மனிதர், சொந்தத் தம்பி செத்ததற்கு ஒரே வரி.

நீங்களும் அப்பாவும் ஒரே ஷிப்ட். அப்பாவை எடுத்தது குளியலறையிலிருந்து. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அன்று அப்பாவின் வில்லையை மாட்டியது யார்? மாட்டியிருந்தால் அது எங்கே போயிற்று?

நேற்று ஒலிபெருக்கியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உங்கள் கதவைத் தட்டினேன். மூன்று தடவை. திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் இருக்கிறது.

கீச்சு

25 பிப்ரவரி, செவ்வாய்

கீச்சுவுக்கு,

நான் மாட்டினேன்.

நீ தட்டியபோது கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் இருந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு எழுதத்தான் வரும்.

முதல் ஷிப்ட் முடிந்த நேரம். குளியலறையில் எல்லோரும் இருந்தார்கள். குழாய்க்கு மூன்றாவது மனு போடப்போவதாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அப்பன் தலையில் சோப்போடு திரும்பி, "எங்க அண்ணன் சோறு திங்க உக்காரணும்னாக்கூட ஒரு மனு எழுதிட்டுத்தான் உக்காருவான்" என்றான். குளியலறையே சிரித்தது. அவன் அடிக்கடி இப்படிப் பேசுவான், நானும் சிரித்துவிடுவேன். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. முகம் கொடுக்காமல் கையை நீட்டினேன், வில்லையைக் கொடுத்தான். போய் இரண்டையும் மாட்டினேன். என்னுடையது 416, அவனுடையது 417.

வாசலில் நிற்கவில்லை. ஒரு நாளைக்குத் தனியாக நடந்து வரட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று கிளம்பிவிட்டேன். நானே போட்ட விதி. ஒன்பது வருஷத்தில் அதை மீறினது அந்த ஒரு நாள்.

பாலத்தில் போகும்போது சங்கு ஊதியது, நிற்காமல் ஊதியது. திரும்பி ஓடினேன். குளியலறைக்கு ஒட்டின பஞ்சுக் கிடங்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் ஷிப்ட் வில்லை எல்லாம் பலகையில் இருந்தது, இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் வரிசையாக வெளியே நின்றார்கள். டைம்கீப்பர் சரியாக எண்ணிச் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அதனால் தீயணைப்புக்காரர்கள் வெளியிலிருந்து கிடங்குக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரும் போகவில்லை. குளித்துக்கொண்டிருந்த மற்றவர்கள் எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்கள், உன் அப்பனை மட்டும் காணோம். நான் பலகைக்கு ஓடினேன். 417 தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களிடம் காட்டி இந்த ஆள் உள்ளே இருக்கிறான் என்று சொல்வதற்காகத்தான் அதைக் கழற்றினேன். இதை நீ நம்ப வேண்டும். மறைப்பதற்காக எடுக்கவில்லை.

தம்பி உள்ளே என்று கத்தினேன். அவர்கள் டைம்கீப்பரைக் கேட்டார்கள். அவர் மறுபடி பலகையைப் பார்த்தார். வில்லை என் கைக்குள் இருந்தது. காலிக் கொக்கியைப் பார்த்து, "ஐயோ, நான் பார்க்கலயே" என்றார். அந்த இடத்தில் நான் கையைத் திறந்திருக்க வேண்டும். உள்ளே ஓடினார்கள், நானும் ஓடினேன். புகையில் முடிந்துபோயிருந்தது. பிறகு விசாரணை. அங்கேயும் கையைத் திறக்கவில்லை. திறந்தால் உன் அம்மாவுக்கு முன்னால் நிற்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. வில்லை என் அலமாரியில் சட்டப் புத்தகத்துக்குப் பின்னால் இருக்கிறது.

ஜன்னலில் நான் கத்தின "பொய்" உனக்கு இல்லை. உனக்கென்று நினைத்துத்தான் கத்தினேன். கத்தி முடித்து ஜன்னலை மூடின பிறகுதான் யாருக்கு என்று தெரிந்தது.

அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாய். கீச்சு என்ற பெயர் உனக்கு நான் வைத்தது இல்லை. மில்லில் அவனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். மெஷின் சத்தத்துக்கு மேலே அவன் பேச்சு நான்கு வரிசை தள்ளிக் கேட்கும். நீ அந்த ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு முதல் சனிக்கிழமை தெருவில் பேசினபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் வந்துவிட்டான் என்று நினைத்தேன். அதனால்தான் அதைப் போட்டுக்கொண்டு வராதே என்றேன். வேறு ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தை உன் அலுவலகப் பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். தபாலுக்கு நாள் இல்லை. செய்ய வேண்டியவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒன்று. தகட்டைச் செதுக்கக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். இது நீ செய்ய வேண்டியது, நாளைக்கே. இந்தக் கடிதத்தை மேனேஜரிடம் காட்டலாம். பதினோரு பக்கம் வராததற்கு வருத்தம் தெரிவித்துவிடு.

இரண்டு. புதிய வாசகம்: "417-ஆம் வில்லை இந்தக் கொக்கியில் இருந்தது. டைம்கீப்பர் சரியாக எண்ணினார்." அவர் பெயர் முழுதாக இருக்க வேண்டும். வில்லையை மாட்டியவன், கழற்றியவன் என்று என் பெயரும் இருக்க வேண்டும். இது வளாக நிர்வாகம் செய்ய வேண்டியது. மறுத்தால் மனு எழுதுவேன் என்று சொல்.

மூன்று. விசாரணை அறிக்கையில் இருக்கிற என் ஒரு வரியைத் திருத்த வேண்டும். அந்த அலுவலகம் இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியது நான்.

நான்கு. டைம்கீப்பரின் மகளுக்குச் சொல்ல வேண்டும். அவள் அப்பாவுக்குக் கண்ணும் தப்பவில்லை, புத்தியும் தப்பவில்லை. வியாழக்கிழமை காலை நானே போகிறேன். டிக்கெட் பதிவில் அவள் விலாசம் இருக்கும், அதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி என் கதவிடுக்கில் சொருகு. நீ கூட வர வேண்டாம். அவள் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்ள வேண்டியவன் நான்.

ஐந்து. கொக்கிக்கு மேலே இருக்கிற விளக்கை எடுக்க வேண்டும். இது காபிக்கடைக்காரர் செய்ய வேண்டியது. கூடவே ஒரு முக்காலியும் போட்டு வைக்கச் சொல். 417 மேல் வரிசையில் இருக்கிறது, என் தோள் இப்போது அவ்வளவு உயரம் தூக்காது.

ஆறு. உன் அம்மாவுக்கு யார் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதுகிறேன். நீ படித்துப் பார்த்து அனுப்பு.

ஏழு. அவன் உன் அப்பன் என்று வருகிறவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் நீ முடிவு செய்ய வேண்டியது. அதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டே வா.

எட்டு. சனிக்கிழமை பத்தரைக்கு டைம் ஆபீஸுக்கு வந்து 417-ஐ நான் மாட்டுவேன். மாட்டிவிட்டு வாசலுக்கு வெளியே நிற்பேன். உன் கூட்டம் கலைந்து கடைசி ஆள் போகிற வரைக்கும், நீ வெளியே வருகிற வரைக்கும் நகர மாட்டேன். நீ அவசரப்பட வேண்டாம்.

பெரியப்பா